கன்சல்டிங்கில் வாங்கின காரில் டயர் வீங்கியிருந்தால்: காரைத் திருப்பிக் கொடுப்பதா, டயர் கேட்பதா, காசு கேட்பதா?

வாங்கி ஒன்பதாவது நாள், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும்போது மாத்தூர் தாண்டினதும் ஸ்டீயரிங் லேசாக உதற ஆரம்பித்தது. அறுபதுக்குக் கீழே ஒன்றுமில்லை, எழுபதைத் தொட்டால் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு, எண்பதில் பக்கத்து சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலே ஆடியது. வீல் பேலன்சிங் போயிருக்கும், ஐந்நூறு ரூபாய் வேலை என்று நினைத்துக்கொண்டு கீரனூரில் சாலையோரம் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ஜாக்கி போட்டு, முன்பக்க இடது சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார், பார்த்தார், மறுபடி சுற்றினார், அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கையை உள்பக்கமா விட்டுத் தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து ஒட்டினது மாதிரி ஒரு வீக்கம். வெளிப்பக்கம் பாலிஷ் போட்டுக் கறுகறுவென்று மின்னின அதே டயர்தான். அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் வண்டி எடுத்த அன்று "டயரெல்லாம் நல்லா இருக்கு" என்று மனைவியிடம் நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன், அது தனி அவமானம்.

வண்டி 2019 மாடல் ஸ்விஃப்ட், 4,85,000 ரூபாய், பைபாஸ் ஓரமாக இருக்கும் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், வாங்கியது. கடைப் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த பத்து நாளும் எனக்கு இதே கணக்குதான்: வண்டியையே திருப்பிவிடலாமா, டயரை மாற்றித் தரச் சொல்லலாமா, காசாகக் கேட்கலாமா, போனால் போகிறது என்று நாமே போட்டுக்கொள்ளலாமா, இல்லை நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் ஒரு கை பார்த்துவிடலாமா. மாமனார் "விடுங்க மாப்பிள்ளை, பத்தாயிரம் ரூபாய்க்கு எதுக்கு வம்பு" என்றார், ஆபீஸ் நண்பன் "கேஸ் போடு" என்றான். இரண்டு பேருமே டயரைப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொன்றையும் கொஞ்சம் விசாரித்துப் பார்த்த வகையில் எது எங்கே செல்லும், எது செல்லாது என்று தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. பேரம் முடிகிற வரை மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்பது இந்தப் பட்டியலிலேயே கிடையாது. டயரின் பக்கச்சுவருக்குள்ளே துணி மாதிரி நூலிழைகள் இருக்கின்றன, காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அவைதான், வெளியே தெரியும் ரப்பர் வெறும் மேல்தோல். பள்ளத்திலோ மீடியன் கல்லிலோ வேகமாக இடிக்கும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயர் நசுங்கி அந்த இழைகள் அறுந்துபோகும். மேல்தோல் கிழியாது. அதனால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு உள்ளே இருக்கிற முப்பத்துச் சொச்சம் பவுண்டு காற்று அந்த இடத்தை மட்டும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இதை ஒட்டவோ பேட்ச் போடவோ முடியாது. பஞ்சர் ஒட்டுவதெல்லாம் தரையில் உருளும் பகுதியில் ஆணி குத்தினால்தான், சைடு வாலில் அடி என்றால் அந்த டயரின் ஆயுசு முடிந்தது. சித்திரை வெயிலில் நாலு வழிச்சாலையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீரனூரிலேயே ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஸ்டெப்னியில் காற்று பாதிகூட இல்லை. அதுவும் வண்டி எடுக்கும்போது பார்க்காத இன்னொன்று. சில வண்டிகளில் ஸ்டெப்னி ஒல்லியாக, வேறு அளவில் இருக்கும், அதில் எண்பதைத் தாண்டக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், கவனம்.

கழற்றின டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் இருக்கப்போகிற ஒரே சாட்சி அதுதான்.

வீட்டுக்கு வந்து நாலு டயரின் தேதியையும் பார்த்தேன். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு ஒரு நீண்ட குறி இருக்கும், அதன் கடைசி நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருடம் என்று சொல்லும். 0719 என்றால் 2019-இன் ஏழாவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் முழுதாக இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் கார் அடியில் படுத்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் பின்னால் இரண்டும் 0719, கம்பெனியிலிருந்து வந்த டயர்கள். முன்னால் இரண்டும் 4316. அதாவது 2019-இல் பிறந்த காருக்கு 2016-இல் பிறந்த டயர். காரைவிட டயருக்கு இரண்டு வயதுக்கு மேல் கூட. புது டயர் வாங்கிப் போட்ட எந்த ஓனருக்கும் இப்படி அமையாது, இது எங்கோ கழற்றி வைத்திருந்த பழைய டயரை யாரோ மாட்டிய வேலை.

யார் மாட்டினார்கள்? அங்கேதான் எனக்கு அதிர்ஷ்டம். வண்டியை நான் முதலில் பார்த்தது இணையத்தில் அவர்கள் போட்டிருந்த விளம்பரத்தில், படங்களை வீட்டில் காட்டுவதற்காகப் போனில் எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் முன் டயரில் வேறு பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டங்கள்), பக்கத்தில் வேறு கம்பெனிப் பெயர், பின் டயரும் முன் டயரும் ஒரே ஜாதி. விளம்பரத்துக்கும் டெலிவரிக்கும் நடுவிலே முன் டயர் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. நல்ல டயரைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டுவிட்டு, அதிலிருந்ததை இதில் மாட்டி, பாலிஷ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பேச்சின் சுருதி மாறியது.

இந்தப் படம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம், ஆனால் உங்கள் கை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வழி, வண்டியையே திருப்பிக் கொடுப்பது. கோபத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெரிய ஆன்லைன் கம்பெனிகளில் வாங்கியிருந்தால் ஐந்து நாள், ஏழு நாள் என்று திருப்பித் தரும் வசதி இருக்கலாம், ரசீதில் பாருங்கள், நாள் மீதி இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். ஊர்க் கன்சல்டிங்கில் அப்படி ஒன்றும் எழுத்தில் இருக்காது. பேசி ஒப்புக்கொள்ள வைத்தாலும் "பிடித்தம்" என்று ஒரு தொகை போகும், லோன் போட்டிருந்தால் அதை முடிக்கிற செலவு தனி. எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் மாற்றப் படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது வண்டிக்கு இன்னொரு ஓனர் கூடுகிறார். இரண்டாவது ஓனர் வண்டி மூன்றாவது ஓனர் வண்டி ஆனால் சந்தையில் என்ன விலை இறங்கும் என்று கன்சல்டிங்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், அந்த நஷ்டத்தை உங்கள் தலையில்தான் கட்டப் பார்ப்பார். பெயர் மாற்றத்துக்கு வாங்கினவருக்குச் சட்டப்படி முப்பது நாள் இருக்கிறது, இன்ஷூரன்ஸை மாற்ற பதினாலு நாள். எனவே வண்டி கையில் வந்த முதல் வாரத்திலேயே டயர், அலைன்மென்ட், சர்வீஸ் வரலாறு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்குக் கொடுப்பது நல்லது. நான் இரண்டாம் நாளே கொடுத்துவிட்டேன்.

ஒரு வீங்கின டயருக்காக மட்டும் காரைத் திருப்புவது, மிதியடி கிழிந்ததற்கு வீட்டை விற்பது மாதிரி. ஆனால் டயர் வேறு எதையோ காட்டிக்கொடுத்தால் கதை வேறு. மீட்டரில் 38,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது, நாலு டயரும் 2022, 2023 தேதியில் இருந்து அதுவும் பாதி தேய்ந்திருக்கிறது என்றால், கம்பெனி டயர் நாலும் எங்கே போயின என்று கேளுங்கள். ஒழுங்காக ஓட்டினால் கம்பெனி டயர் நாற்பதாயிரத்தைத் தாண்டி வரும், அது தேய்ந்து அடுத்த செட்டும் பாதி போயிருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்க நிறைய வாய்ப்பு. அதே போல முன் டயரின் உள் ஓரம் மட்டும் கத்தியால் சீவினது மாதிரி தேய்ந்திருந்து, அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினால் அளவு எவ்வளவு திருப்பினாலும் பச்சைக்கு வரவில்லை என்றால், வண்டி எங்கேயோ பலமாக இடித்திருக்கிறது. அப்போது டயர் காசைப் பற்றிப் பேசவே வேண்டாம், நேராகக் காரைத் திருப்புவதைப் பற்றிப் பேசுங்கள். என் வண்டிக்கு அலைன்மென்ட் ஷீட்டில் சின்ன விலகல்தான், சரிசெய்ததும் பச்சைக்கு வந்துவிட்டது. பின் டயர் இரண்டும் காரோடு பிறந்தவை, அவற்றில் மூன்று மில்லிமீட்டர் பட்டன் மீதி. புது டயரில் ஏழு, எட்டு மில்லிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 38,000-க்கு அது சரியான தேய்மானம். அதாவது மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்த இரண்டு பின் டயர்தான் எனக்குச் சாட்சி சொன்னது. அதோடு திருப்பிக் கொடுக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கடைக்காரரையே டயர் மாற்றித் தரச் சொல்வது. கேட்க நியாயமாக இருக்கிறது, நானும் முதலில் இதைத்தான் கேட்க இருந்தேன். போன் போட்டதும் அவர் முதலில் சொன்னது எல்லாரும் சொல்வதுதான்: "டெலிவரி எடுக்கும்போதே பாத்திருக்கணும் சார், யூஸ்டு வண்டின்னா அப்படித்தான்." படத்தை அனுப்பின பிறகு அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, "சார், நம்மகிட்ட நல்ல டயர் ரெண்டு ஸ்டாக்ல இருக்கு, வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ரெடி" என்றார். அந்த "ஸ்டாக்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. என் முன் டயர் இரண்டும் அந்த ஸ்டாக்கிலிருந்து வந்தவைதானே.

கன்சல்டிங் கடைகளுக்குப் பழைய டயர் வருவது பல வழிகளில். வாங்குகிறவர் அலாய் வீல் கேட்டார் என்று கழற்றினது, விபத்து வண்டியிலிருந்து எடுத்தது, சென்னை என்றால் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் சல்லிசாக வாங்கினது. அவற்றில் நல்லதும் இருக்கும், பொறுக்கத் தெரிந்தவருக்கு. ஆனால் தேய்ந்த டயரில் சூடான பிளேடால் கோடு கீறி ஆழத்தைக் கூட்டுவதும் உண்டு, லாரி டயரில் அதற்கென்றே கூடுதல் ரப்பர் விட்டுச் செய்கிறவை இருக்கின்றன, கார் டயரில் அப்படிக் கிடையாது, கீறினால் உள்ளே இருக்கிற கம்பிக்கு நெருக்கமாகப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டயரின் தோள்பட்டையில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ இருக்கும், அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் மொட்டை என்று அர்த்தம், சட்டப்படியும் சாலையில் ஓடக்கூடாது. அந்த மேடே இல்லை, பள்ளம் மட்டும் ஆழமாக ஒரே சீராக ஓடுகிறது என்றால் யாரோ கீறியிருக்கிறார்கள்.

ஆகவே மாற்றித் தருவதாக இருந்தால் மூன்று நிபந்தனை. புது டயர், நாம் சொல்கிற கடையில், பில் நம் பெயரில். இதற்கு அவர் ஒப்புக்கொண்டால் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். என் விஷயத்தில் "புதுசெல்லாம் கட்டுப்படி ஆகாது சார்" என்றார், சரி, எதிர்பார்த்ததுதான்.

மூன்றாவது, காசாக வாங்கிக்கொள்வது. நான் தேர்ந்தெடுத்தது இதுதான், நிறையப் பேருக்கும் இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். காரணம் ரொம்ப எளிது, டயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது, அவருக்கும் ஒரு தடவை காசு கொடுத்தால் தலைவலி விட்டது. ஆனால் எவ்வளவு கேட்பது என்பதில் நியாயம் வேண்டும். 185/65 ஆர்15 அளவில் நான் விசாரித்த டயர் ஒன்று 5,400 ரூபாய், இரண்டுக்கு 10,800, பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு எல்லாம் சேர்த்து 11,700. (2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அதற்கப்புறம் 18. அந்தத் தேதிக்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.) முழு 11,700-ஐயும் கேட்டால், "நீங்க வாங்கினது புது டயர் போட்ட வண்டியா சார்?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். அது நியாயமான கேள்வியும்கூட. விளம்பரப் படத்தில் இருந்த டயர் பாதி தேய்ந்தது, எனக்குப் போனது அந்தப் பாதி டயர் இரண்டு. அதனால் டயர் விலையில் பாதியும், இவர்களால் வந்த வேலைக்கூலி முழுதும், பேரத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் மேலேயும் வைத்து 8,000 கேட்டேன். அவர் 3,000-இல் ஆரம்பித்தார்.

போனில் பேசுவதைவிட வாட்ஸ்அப்பில் எழுதுவது நல்லது, பேச்சு காற்றோடு போகும். நான் அனுப்பினது ஏறக்குறைய இதுதான்: "வணக்கம் சார். இந்த மாதம் இத்தனாம் தேதி உங்களிடம் எடுத்த ஸ்விஃப்ட்டில் முன் இடது டயர் உள்பக்கம் வீங்கியிருக்கிறது, ஒன்பதாம் நாள் கழற்றியாகிவிட்டது, டயர் என்னிடம் இருக்கிறது. முன் டயர் இரண்டும் 2016 தயாரிப்பு. உங்கள் விளம்பரப் படத்தில் இருப்பவை வேறு டயர்கள். படங்கள் இணைத்திருக்கிறேன். இரண்டு டயருக்காக 8,000 ரூபாய் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்." அவ்வளவுதான். திட்டு கிடையாது, 'ஏமாற்றுப் பேர்வழி' கிடையாது, ரிவ்யூ போடுவேன் என்ற மிரட்டல் கிடையாது. நாளை இதை ஆணையத்தில் யாராவது படித்தால் நாம் மரியாதையாகப் பேசினது தெரிய வேண்டும்.

6,500-க்கு முடிந்தது. காசு கொடுக்கும் முன் அவர் ஒரு தாளை நீட்டினார், "வண்டி சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று. இங்கேதான் பலர் ஏமாறுவது. அந்த நேரத்தில் எனக்கு இரண்டாவது சாவி வரவில்லை, பழைய ஓனரின் பேங்க் என்.ஓ.சி. வரவில்லை. "முன் டயர் இரண்டு சம்பந்தமாக மட்டும்" என்று கையால் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் ஜி.பே. அடித்துவிட்டார்.

நாலாவது வழி, யாரிடமும் கேட்காமல் நாமே போட்டுக்கொள்வது. மாமனார் கட்சி. வாங்கி ஆறேழு மாதம் ஆகிவிட்டது, எத்தனையோ பள்ளத்தில் இறங்கி ஏறியாகிவிட்டது என்றால் இதைத் தவிர வேறு வழி கிடையாது. வீக்கம் எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் கையில் வந்திருக்கவும் கூடும். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தவர்கள் மட்டும் கேட்காமல் விடாதீர்கள், ஒரு மெசேஜ் அனுப்ப என்ன செலவு. இன்னொன்று, கையில் காசு இல்லை, இப்போதைக்கு செகண்ட் ஹேண்ட் டயர் போட்டுக்கொள்ளலாமே என்று யோசிக்கிறவர்களுக்கு: ஒரு டயர் 1,500, 2,000-க்குக் கிடைக்கிறது, உண்மைதான். தேதி, டி.டபிள்யூ.ஐ. மேடு, உள்பக்கம் மூன்றையும் ரிம்மில் ஏற்றும் முன்னால் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். உள்பக்கம் என்றால் குழிக்குள் கையை விட்டு முழுச் சுற்றும் தடவ வேண்டும், பேட்ச் எத்தனை, சுருக்கம் இருக்கிறதா என்று. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் முடி மாதிரி வெடிப்பு ஓடினால் வேண்டாம். வயதான ரப்பர் அது.

ஒரு டயர் மட்டும் வாங்கலாமா? வேண்டாம், ஒரே அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். நாலுமா? பின்னால் மூன்று மில்லிமீட்டர் இருந்ததால் நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், மழைக்காலம் நெருக்கத்தில் இருந்திருந்தால் நாலாகவே போட்டிருப்பேன். புது டயர் இரண்டையும் எங்கே போடுவது என்று என் ஏரியாவில் டயர் மாற்றின அண்ணனோடு ஒரு சின்ன வாக்குவாதம். அவர் "முன்னாடிதான் ஸ்டீயரிங், முன்னாடிதான் இன்ஜின் இழுக்குது, புதுசு முன்னாடிதான் போடணும்" என்கிறார். நம் ஊரில் பத்துக்கு ஒன்பது கடையில் இதுதான் பேச்சு. டயர் கம்பெனிகள் சொல்வது நேர்மாறு, நல்ல டயர் பின்னால். முன் சக்கரம் தண்ணீரில் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் சாதாரண டிரைவரும் சமாளிக்கலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம், கற்றவர்களுக்கே கஷ்டம். ஆகவே பின்னால் இருந்த பழசை முன்னால் கொண்டுவந்து, புதுசைப் பின்னால் போடச் சொன்னேன். அண்ணன் கடைசி வரை நம்பவில்லை. புது டயர்தானே என்று தேதி பார்க்காமல் விடாதீர்கள், கடையில் இரண்டு வருடம் தூங்கின டயரும் புதுசு என்ற பெயரில்தான் வரும்.

ஐந்தாவது, நுகர்வோர் ஆணையம். இதைப் பற்றி இரண்டு விதத் தவறான எண்ணம் இருக்கிறது. ஒன்று, வக்கீல் வைத்துப் பல ஆயிரம் செலவாகும் என்பது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய்தான். 2019-ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இணையம் வழியாகவும் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் அவர்களே கடைக்காரரைத் தொடர்புகொண்டு பேசிப் பார்ப்பார்கள். நோட்டீஸ் அனுப்புவதென்றால், பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது தவறான எண்ணம், கேஸ் போட்டால் ஜெயித்த மாதிரிதான் என்பது. மூன்று மாதத்தில், சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. அதைவிட முக்கியம், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு. வாங்குகிறவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். டெலிவரி நோட்டில் "வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அவர்கள் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். வெளிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்து அதைப் பார்க்காமல் எடுத்து வந்திருந்தால் உங்கள் நிலை பலவீனம். உள்பக்க வீக்கம், ஜாக்கி போடாமல் தெரியாதது, அதுவும் விளம்பரத்தில் வேறு டயர் என்றால் பலம் உங்கள் பக்கம். படம் இல்லாதவர்களின் கை இறங்கியிருக்கும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இன்னொரு சிக்கல், யார் மேல் போடுவது? சில கன்சல்டிங்குகள் "நாங்க நடுவுல இருந்தவங்கதான் சார், விற்றது ஆர்.சி. ஓனர்" என்று கையை விரிக்கும். காசு யார் கணக்குக்குப் போனது, ரசீதில் யார் முத்திரை என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஓனர் வண்டியை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி-யில் தெரிவித்துவிட்டால் அதற்கப்புறம் வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. உங்கள் கடைக்காரர் அதில் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஆறாயிரம், எட்டாயிரத்துக்கு நான் ஆணையம் போயிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் போகத் தயார் என்பது அந்த மெசேஜில் எழுதாமலே தெரிந்தது. மீட்டர் திருப்பல், விபத்தை மறைத்தது மாதிரி லட்சக் கணக்கில் போகிற விஷயம் என்றால் தயங்காமல் போக வேண்டிய இடம் அதுதான்.

இன்ஷூரன்ஸையும் டயர் கம்பெனி வாரண்டியையும் பற்றிக் கேட்பார்கள், ரெண்டும் இதில் வேலைக்கு ஆகாது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் ஒன்றும் கிடையாது, விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் பாதி விலை. டயர் கம்பெனி தயாரிப்புக் குறைக்குத்தான் கிளெய்ம் தருவார்கள், பட்டன் எவ்வளவு மீதியோ அந்த அளவுக்கு, இடித்து வந்த வீக்கத்துக்குப் பெரும்பாலும் இல்லை, 2016 டயரோடு போய் நின்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கன்சல்டிங்கில் கொடுக்கிற "ஒரு வருட வாரண்டி" அட்டையையும் திருப்பிப் பாருங்கள், இன்ஜின், கியர்பாக்ஸ் என்று இருக்கும், டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் பேட் எல்லாம் தேய்மானம் என்று சின்ன எழுத்தில் வெளியே தள்ளியிருப்பார்கள்.

காசு வந்த அன்று சாயங்காலமே கடைக்காரர் மறுபடி போன் செய்தார். "சார், அந்தப் பழைய டயர் ரெண்டும் குடுத்து விட்டுடுங்க." எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான், கணக்குக்கு." வீங்காத டயரை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். வீங்கினதை டிக்கியிலிருந்து இறக்கி டயர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஹேக்ஸா பிளேடை எடுத்து அந்த எலுமிச்சம்பழத்தின் நடுவில் வைத்து, விளிம்பிலிருந்து விளிம்பு வரை அறுத்துக் காட்டினார். உள்ளே நூல் இழை இழையாகப் பிரிந்து, பழைய கோணிச் சாக்கு மாதிரி தொங்கியது. "இனி எவனும் மாட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் தூக்கிப் போட்டார்.